பீடிய விடச் சொல்றதுக்கு முன்னாடி அவரோட டீ டைம கொஞ்சம் பாருங்க – வாசகர் கேள்வி பதில்

(இந்த வாட்டி வந்த கேள்விங்கள்ல பாதிக்கு மேல பீடி, ஹான்ஸ், கைனின்னு ஒரே பக்கமா இருந்துச்சு, அதுவும் எல்லாமே உடம்பு நோக வேல பாக்குறவங்க வீட்டுல இருந்து. அதனால மத்தத அடுத்த இதழுக்கு தள்ளிட்டு இத மட்டும் எடுத்துக்கிட்டேன்.)

கேள்வி: என் வீட்டுக்காரர் கொத்தனார், 42 வயசு. காலைல கண்ண முழிச்சதுல இருந்து பீடிதான், ஒரு நாளைக்கு ரெண்டு கட்டு. கட்டு மேல போட்டிருக்குற கேன்சர் படத்த காட்டி சொல்லியாச்சு, புள்ளைங்கள விட்டு சொல்லியாச்சு, சண்ட போட்டு பேசாமயும் இருந்து பாத்தாச்சு. "விடணும்னு எனக்கும் ஆசதான், பாப்போம்"ங்கிறாரு. இவருக்கு உசுரு மேல பயமே இல்லையா? – ஒரு வாசகி, ஆரணி

பயமெல்லாம் நல்லாவே இருக்கும்மா. "எனக்கும் ஆசதான்"னு அவர் சொன்னத நீங்க சாக்குன்னு எடுத்துக்கிட்டீங்க, எனக்கு அது நெசம்னுதான் தோணுது. 2016-17ல நம்ம நாடு முழுக்க ஒரு பெரிய புகையிலை சர்வே எடுத்தாங்க, அதுல பொகைக்கிறவங்கள்ல 55 சதவீதம் பேரு விடணும்னு நெனைக்கிறோம் இல்ல விடப்போறோம்னு சொல்லியிருக்காங்க. பீடி கட்டு மேல இருக்குற எச்சரிக்கைய பாத்து விட்டுரலாமான்னு யோசிச்சதா சொன்ன பீடிக்காரங்களே பாதிக்கு மேல. அதனால இன்னொரு படம் காட்டி, இன்னொரு வீடியோ காட்டி ஒண்ணும் ஆகப்போறதில்ல, அவருக்கு தெரியாத சேதி எதுவும் அதுல கெடையாது. ஆசைக்கும் விடுறதுக்கும் நடுவுல ஒரு வேல நாள் முழுசா கெடக்கு, அங்கதான் பாக்கணும்.

ஒரு சைட்டுல பதினோரு மணி டீய பாத்திருக்கீங்களா? டீ வந்துருச்சுன்னு மேஸ்திரி குரல் குடுத்தாத்தான் கரண்டிய கீழ வைக்க முடியும். கைய கழுவிட்டு, நெழலு எங்க இருக்குன்னு பாத்து செங்கல் அடுக்கு மேல உக்காருவாங்க, டீ, ஒரு வடை, அப்புறம் யாராவது ஒருத்தர் தீக்குச்சிய உரசுவாரு, அந்த ஒரே குச்சில மூணு பேரு பத்த வச்சுக்குவாங்க. பீடி அடிக்காத ஆளு டீ கிளாஸ கீழ வச்ச ஒடனே "என்னப்பா சும்மா உக்காந்திருக்க, அந்த கலவைய கொஞ்சம் பெரட்டு"ன்னு சத்தம் வரும். பீடி கைல இருக்குறவர யாரும் எழுப்ப மாட்டாங்க, அது முடியிற வரைக்கும் அவருக்கு உக்கார உரிமை உண்டு. அஞ்சு நிமிஷம் முதுக நிமித்தி உக்கார்றதுக்கு ஒரு கூலி ஆளுக்கு கெடைக்கிற ஒரே பாஸ் அந்த பீடின்னா அத எப்படி அவர் சுலபமா குடுப்பாரு சொல்லுங்க.

ரெண்டாவது பசி. விடியக்காலைல கெளம்புறவரு பாதி நாள் வெறும் டீயோட போவாரு, மத்தியானம் ஒரு மணிக்குத்தான் சோறு. நிக்கோட்டின் பசிய அமுக்கும், இது அவர் மனசுல இருக்குற பிரமை ஒண்ணும் இல்ல. அதனால பீடிய விட்ட மொத நாளே பத்து மணிக்கு வயிறு கத்தும், கை நடுங்குற மாதிரி இருக்கும், "பாத்தியா, பீடி இல்லாம ஒடம்பு ஒத்துக்கல"ன்னு முடிவு பண்ணிருவாரு. உண்மைல அது பாதி பசிதான்.

மூணாவத சொல்ல கூச்சப்படுவாங்க, நான் சொல்லிடுறேன். காலைல ஒரு பீடி இழுத்தாத்தான் வெளிய போகும்னு ரொம்ப பேரு சொல்வாங்க. அதுவும் நெசம்தான், நிக்கோட்டின் குடல தூண்டிவிடும், நிறுத்தினா கொஞ்ச நாளைக்கு மலச்சிக்கல் வர்றது சகஜம். சில வாரத்துல பெரும்பாலும் தானா சரியாகும். ஆனா இத யாரும் முன்கூட்டி சொல்றதில்லங்கிறதால நாலாவது நாள் கக்கூஸ்ல உக்காந்துதான் நெறைய பேரோட வைராக்கியம் ஒடையுது. ராத்திரி ரெண்டு வாழப்பழம், கீரை, காலைல வெதுவெதுன்னு நெறைய தண்ணி, இத மொதல்லயே ஆரம்பிச்சு வைங்க.

அதனால நீங்க செய்ய வேண்டியது என்னன்னா "ஏன் விடமாட்டேங்குறீங்க"ன்னு கேக்காதீங்க, "ஒரு நாளைக்கு எந்த பீடிய விடுறதுதான் உங்களுக்கு ரொம்ப கஷ்டம்"னு கேளுங்க. இதுக்கு அவர் பதில் சொல்வாரு, யோசிச்சு சொல்வாரு. காலைல மொத பீடியா, டீக்கு அப்புறமா, சாயங்காலம் கடைக்கு போறப்பயா. அந்த இடத்துக்கு மட்டும் ஒரு ஏற்பாடு பண்ணுங்க. பத்து மணிக்கு சாப்பிடுற மாதிரி ஒரு டப்பால நாலு இட்லி இல்ல வேர்க்கடலை உருண்ட குடுத்து அனுப்புங்க. எந்த நாள்ல நிறுத்துறதுன்னு அவரே முடிவு பண்ணட்டும், ஆனா சனிக்கிழமை வேண்டாம். சம்பளம் கைக்கு வர்ற சனிக்கிழமை சாயங்காலம் நாலு பேரு சேந்து டாஸ்மாக் போனாங்கன்னா அந்த வாரத்து உறுதி அங்கயே முடிஞ்சிரும், குடிக்கிறப்ப பீடி கேக்குற மாதிரி வேற எப்பவும் கேக்காது. கூட வேல பாக்குற ஒருத்தரும் சேந்து நிறுத்துனா இன்னும் நல்லது, தீக்குச்சி நீட்டுற கைல ஒண்ணு கொறஞ்சிரும்.

சண்ட போட்டு பேசாம இருக்குறத மட்டும் நிறுத்திடுங்க. அந்த ரெண்டு நாள்ல அவர் இன்னும் ஒரு கட்டு சேத்து அடிச்சிருப்பாரு.

கேள்வி: கோயம்பேட்டுல மூட்டை தூக்குறேன். பீடிய விட்டா தெம்பு போயிரும், படி ஏற முடியாதுன்னு கூட இருக்குறவங்க சொல்றாங்க. – ஒரு வாசகர், சென்னை

நேர் எதிர்மாறு தம்பி. பீடி பொகைல கார்பன் மோனாக்சைடு இருக்கு, அது ரத்தத்துல ஆக்சிஜன் உக்கார வேண்டிய எடத்துல போய் உக்காந்துக்கும். அதாவது முதுகுல ஒரு மூட்டை இருக்குறப்ப, ரத்தத்துக்குள்ள கண்ணுக்கு தெரியாம இன்னொரு சுமையும் சேத்து தூக்குறீங்க. நிறுத்துன ஒரு நாளுக்குள்ளயே அது பெரும்பாலும் எறங்கிரும். பீடில தூள் கம்மிதானேன்னு நெனச்சுக்காதீங்க, அந்த எல அணைஞ்சு அணைஞ்சு போகும், அணையாம இருக்க இழுத்துக்கிட்டே இருக்கணும், அதனால தாரும் இந்த வாயுவும் சிகரெட்ட விட கொறைச்சலா வர்றதில்ல.

ஆனா உங்க கூட்டாளிங்க சும்மா சொல்லல, அவங்க பாத்தததான் சொல்றாங்க. நிறுத்துன ரெண்டாவது மூணாவது நாள்தான் உச்சம், எரிச்சல், தலைவலி, தூக்கம் வராது, கை கால் அசந்து போன மாதிரி இருக்கும். அந்த மூணாவது நாள்ல முயற்சிய கைவிட்டவரு "தெம்பு போச்சு"ன்னுதான் ஊரு பூரா சொல்வாரு, மூணாவது வாரத்துக்கு போனவரு எதுவும் சொல்லாம மூட்டை தூக்கிக்கிட்டு இருப்பாரு, அதனால அவர் கதை உங்க காதுக்கு வர்றதில்ல. முடிஞ்சா லோடு கம்மியா வர்ற ஒரு வாரமா பாத்து ஆரம்பிங்க. ஆச வந்தா சில நிமிஷம்தான் நிக்கும், அந்த நேரத்த மட்டும் தாண்டணும். மெடிக்கல்ல 2 மில்லிகிராம் நிக்கோட்டின் கம் டாக்டர் சீட்டு இல்லாமயே குடுப்பாங்க, ஒடம்பு அடிச்சுக்குற அந்த நாட்களுக்கு அது ஒதவும். அத பபிள்கம் மாதிரி விடாம மெல்லக்கூடாது, நாலு கடி கடிச்சு காரம் தெரிஞ்சதும் கன்னத்துல ஒதுக்கிடணும். டீ குடிச்ச ஒடனே போட்டா வேல செய்யாது, ஒரு கால் மணி நேரமாவது விட்டுத்தான் போடணும், நம்ம ஆளுங்க "கம்மு போட்டேன் ஒண்ணும் ஆகல"ன்னு சொல்றதுக்கு பாதி காரணம் இதுதான்.

கேள்வி: நான் பில்டிங் கான்ட்ராக்டர். எங்கிட்ட நாப்பது பேரு வேல பாக்குறாங்க, நம்ம ஆளுங்க பீடி, பீகார் ஒரிசா பசங்க கைனி. போர்டு வச்சேன், ஒரு என்ஜிஓ ஆளக் கூப்பிட்டு பேச வச்சேன், அம்பது ரூபா ஃபைன் கூட போட்டேன். சாரத்துக்கு பின்னாடி ஒளிஞ்சு அடிக்கிறாங்களே ஒழிய ஒருத்தனும் விடல. பணமா குடுத்தா விடுவாங்களா? – ஒரு வாசகர், கோவை

சார், தப்பா எடுத்துக்காதீங்க, மொதல்ல நான் ஒரு கேள்வி கேக்குறேன். உங்க சைட்டுல கிரானைட்டும் டைல்ஸும் அறுக்குறவரு மூக்குல என்ன கட்டியிருக்காரு? என் யூகம் ஒரு பழைய துண்டு. காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் அந்த வெள்ளத் தூசிக்குள்ள நிக்கிறவர்கிட்ட போய் "தம்பி நுரையீரல பாத்துக்க, பீடிய விடு"ன்னா அவர் மனசுக்குள்ள சிரிச்சுக்குவாரு. என் நுரையீரல் மேல அவ்வளவு அக்கறைன்னா மெஷின்ல தண்ணி விட்டு அறுக்க ஏற்பாடு பண்ணலாமேன்னு கேக்க மாட்டாரு, ஆனா நெனைப்பாரு.

இத நான் கற்பனைல சொல்லல. 1990கள் கடைசில அமெரிக்காவுல மாசசூசெட்ஸ் மாநிலத்துல 15 ஃபேக்டரிகள எடுத்துக்கிட்டு ஒரு ஆராய்ச்சி பண்ணாங்க. ஒரு பாதில சிகரெட்ட விடு, நல்லா சாப்புடுன்னு அறிவுரை மட்டும். இன்னொரு பாதில அதோட சேத்து வேல செய்யிற எடத்துல இருக்குற ஆபத்தயும், ரசாயனம் தூசி எல்லாத்தயும், மேனேஜ்மென்ட் கொறைக்க வேல பாத்துச்சு. மணிக்கணக்கு கூலிக்கு வேல பாக்குறவங்கள்ல மொத எடத்துல சிகரெட்ட விட்டவங்க 5.9 சதவீதம், ரெண்டாவது எடத்துல 11.8 சதவீதம். சரியா ரெட்டிப்பு. சொல்ற அறிவுரை ஒண்ணுதான், சொல்ற வாய் மேல நம்பிக்க வந்துச்சு, அவ்வளவுதான். கல் தூசியும் பொகையும் தனித்தனியாவே நுரையீரல கெடுக்கும், டிபி வர்ற வழியயும் தெறந்து விடும், ரெண்டும் ஒரே ஆளு மேல விழுந்தா கேக்கவே வேணாம், அதனால தண்ணி விட்டு அறுக்குறது எப்படிப் பாத்தாலும் வீண் செலவு இல்ல.

அப்புறம் பிரேக். பீடி அடிக்காதவனுக்கும் அதே பத்து நிமிஷம் உக்கார உரிமை உண்டுன்னு உங்க மேஸ்திரிகிட்ட கண்டிப்பா சொல்லுங்க. (இதே பக்கத்துல ஆரணி வாசகிக்கு எழுதினத ஒரு தடவ படிச்சுப் பாருங்க.) மேஸ்திரி தானே வாய்ல பீடிய வச்சுக்கிட்டு அடுத்தவன அடிக்காதன்னு சொன்னா அது எடுபடாதுங்கிறதயும் சேத்து சொல்லிடுறேன், ஒரு செட்டுல மொதல்ல நிறுத்த வேண்டிய ஆளே அவர்தான், பசங்க எல்லாரும் அவரப் பாத்துத்தான் நடப்பாங்க.

கைனி கதை வேற மாதிரி. ஒரு பையன் உள்ளங்கைல புகையிலையும் சுண்ணாம்பும் வச்சு பெருவெரலால தேய்ப்பான், நாலு தட்டு தட்டி தூசிய ஊதிவிடுவான், அப்புறம் கைய நீட்டுவான், சுத்தி நிக்கிற நாலு பேரும் அந்தக் கைல இருந்தே ஒரு சிட்டிகை எடுத்துக்குவாங்க. ஊர விட்டு ரெண்டு நாள் ரயில்ல வந்த பையனுக்கு அந்த நீட்டுன கைதான் மொத சிநேகிதம். அவன தனியா கூப்பிட்டு விடச் சொன்னா செட்ட விட்டே வெளிய வரச் சொல்ற மாதிரி ஆயிரும். ரூம் ரூமா, செட்டு செட்டா பேசணும், அதுவும் அவங்க பாஷைல.

பணம் குடுக்குறது பத்தி. வேல செய்யும், ஆனா நீங்க நெனைக்கிற மாதிரி இல்ல. பிலிப்பைன்ஸ்ல மின்டனாவ் தீவுல ஒரு பேங்க் மூலமா ஒண்ணு பண்ணிப் பாத்தாங்க. பொகைக்கிறவரு தன் சொந்தக் காச ஆறு மாசம் கணக்குல போட்டுக்கிட்டே வரணும், கடைசில மூத்திர டெஸ்ட்ல நிக்கோட்டின் இல்லன்னா காசு திரும்ப வரும், இருந்தா தர்மத்துக்கு போயிரும். கேட்டவங்கள்ல 11 சதவீதம் பேருதான் ஒத்துக்கிட்டாங்க, ஆனா இந்தத் திட்டத்த நீட்டுன கூட்டத்துல, நீட்டாத கூட்டத்த விட விட்டவங்க 3 சதவீதம் கூடுதலா இருந்தாங்க, ஒரு வருஷம் கழிச்சு திடீர்னு போய் டெஸ்ட் எடுத்தப்பவும் அந்த வித்தியாசம் நின்னுச்சு. நம்ம ஆளுங்களுக்கு சீட்டு போடத் தெரியாதா என்ன? பீடிக் காச வாராவாரம் போடுற மாதிரி விருப்பப்பட்ட பத்து பேரு ஒரு சீட்டு ஆரம்பிக்கட்டும், நீங்க அதுல உங்க பங்கா ஒரு தொகைய சேருங்க. ஒரு நாளைக்கு 60 ரூபா பீடிக்கும் டீக்கடை சிகரெட்டுக்கும் போகுதுன்னா மாசம் 1,800, வருஷத்துக்கு 21,900 ரூபா. தெனமும் சில்லறையா போறப்ப அது கண்ணுக்கே தெரியாது, தீபாவளிக்கு முன்னாடி மொத்தமா கைல வந்தா தெரியும்.

அந்த அம்பது ரூபா ஃபைன தயவு செஞ்சு எடுத்துருங்க. சேந்த காச அந்த சீட்டுலயே போடுங்க.

கேள்வி: 24 வயசு, சென்ட்ரிங் வேல. நான் பீடி சிகரெட் தொட்டதே இல்ல, கூல் லிப் (ஒதட்டுக்குள்ள சொருகுற புகையிலைப் பொட்டலம்) மட்டும்தான், அதுவும் வேல நேரத்துல. பொகையே இல்லாததால பெருசா ஒண்ணும் ஆகாதுல்ல? – ஒரு வாசகர், ஓசூர்

கண்ணாடி முன்னாடி நின்னு வாய தெறந்து, நடு மூணு வெரல ஒண்ணு மேல ஒண்ணா நிக்க வச்சு பல்லுக்கு நடுவுல விட்டுப் பாருங்க. போகலன்னா இந்த வாரமே பல் டாக்டர்கிட்ட போங்க. அப்படியே நீங்க பொட்டலம் வைக்கிற எடத்த, ஒதட்ட மடிச்சு, ஈறு சேர்ற பள்ளத்துல பாருங்க, தோலு வெள்ளையா சுருங்கிப் போயிருக்கா, செவந்து இருக்கா, ரெண்டு வாரம் தாண்டி ஆறாத புண்ணு இருக்கா, குழம்பு சாப்பிட்டா முன்ன இல்லாத எரிச்சல் இருக்கா. பாக்கு கலந்த அயிட்டம் எதுவும் போடுற ஆளா இருந்தா வாய் தெறக்குற அளவு கொஞ்சம் கொஞ்சமா கொறஞ்சுக்கிட்டே வரும், வெளிய பாக்க ஒண்ணும் தெரியாது. பொகைதான் இல்ல, வாய் கேன்சருக்கு பொகை தேவையும் இல்ல.

ஒண்ணு ஒத்துக்கணும், ஒசரத்துல ரெண்டு கையும் கம்பிலயும் பலகைலயும் இருக்குறப்ப பத்த வைக்க முடியாது, ஒதட்டுல சொருகிக்கலாம், அதனாலதான் இது உங்க வேலைக்குள்ள ஒட்டிக்கிச்சு. சாக்கடைல எறங்குறவங்க நாத்தத்துக்கு போடுறாங்க, நைட் ஷிஃப்ட் வாட்ச்மேன் தூக்கத்துக்கு போடுறாரு, பல்லு வலிக்குதுன்னு போட ஆரம்பிச்சு பல்லு விழுந்தும் விடாதவங்க இருக்காங்க. தமிழ்நாட்டுல குட்கா மாதிரி அயிட்டத்துக்கு 2013ல இருந்தே தட, ஆனா பெட்டிக்கடைல பேரு சொல்லாம சைகைல கேட்டா கைமாறுது, வெல மட்டும் ஏறிருச்சு. உங்களுக்கு பதிலா வாய்ல வைக்க ஏதாவது வேணும், கிராம்பு, ஏலக்கா, கடலை மிட்டாய் எதுவா இருந்தாலும் சரி. மேல கம் பத்தி எழுதியிருக்கேன், ஒதுக்கி வச்சே பழகின உங்களுக்கு அது பீடிக்காரங்கள விட சுலபமா பிடிபடும். பாக்க மட்டும் எதுக்கு பதிலாவும் போடாதீங்க.

கேள்வி: மக்களைத் தேடி மருத்துவத்துல வீடு வீடா போறேன். பிரஷர் மாத்திர குடுக்குறப்பல்லாம் பீடிய விடுங்கன்னு சொல்றேன், தலையாட்டுறாங்க, அடுத்த மாசம் போனா அதே பீடி. எப்ப சொன்னாதான் கேப்பாங்க? – ஒரு வாசகி, தர்மபுரி

எல்லா நாளும் ஒரே நாள் இல்ல தங்கச்சி. மனசு தானா தெறந்து இருக்குற சில நாளுங்க உண்டு, அன்னிக்கு சொன்னா பாதி வேல முடிஞ்ச மாதிரி. டிபின்னு தெரிஞ்சு மாத்திர ஆரம்பிச்ச மொத வாரம். பல்லு புடுங்கிட்டு வந்த நாளு. மகளுக்கு கொழந்த பொறந்து வீட்டுக்கு வந்திருக்குறப்ப, பீடி நாத்தத்தோட பேரப்புள்ளைய தூக்கக் கூடாதுன்னு சொன்னா தாத்தாக்கள் அசைஞ்சு குடுப்பாங்க. சாரம் ஏறுறப்ப மூச்சு வாங்கி பாதில நின்னு எறங்கி வந்த நாளு இருக்கே, அதுதான் எல்லாத்தயும் விட பெருசு, ஏன்னா அன்னிக்குத்தான் அவருக்கு பயம் கேன்சர்ல இருந்து கூலிக்கு வந்துரும். இருவது வருஷம் கழிச்சு சாவங்கிறது ஒரு கூலித்தொழிலாளிக்கு ரொம்ப தூரம், அடுத்த மாசம் வேலைக்கு போக முடியுமாங்கிறது பக்கத்துல.

தலையாட்டுறவர்கிட்ட "விடுங்க"வ ஒரு மாசம் நிறுத்திப் பாருங்க. "முன்னாடி எப்பவாவது விட்டுருக்கீங்களா, எத்தன நாள் இருந்தீங்க, எது திரும்ப இழுத்துச்சு"ன்னு கேளுங்க. சபரிமலைக்கு மாலை போட்டு மண்டலம் பூரா பீடி தொடாம இருந்தவரு, நோன்புல பகல் முழுக்க தாங்குனவரு உங்க தெருவுலயே இருப்பாங்க. தன்னால முடியும்னு அவங்களுக்கே அத்தாட்சி இருக்கு, மாலைய கழட்டுன அன்னிக்கு என்ன ஆச்சுன்னு பேசுறதுதான் உங்க வேல. பக்கத்து சந்துல விட்டவரு யாராவது இருந்தா அவர் பேர சொல்லுங்க, உங்க பேச்ச விட அதுக்கு எட கூட.

நம்பர் 1800-11-2356ன்னு ஒரு சீட்டுல எழுதிக் குடுங்க, காசு இல்லாத போன், தமிழ்லயும் பேசலாம். 2018ல இருந்து பாக்கெட் மேலயே அச்சடிக்கிறாங்க, ஆனா ஒத்த ஒத்தையா வாங்குறவரு பாக்கெட்ட எங்க பாக்கப் போறாரு. முடிஞ்சா நீங்களே உங்க போன்ல போட்டு அவர் கைல குடுத்துருங்க, அவர் தானா போடுவாருன்னு நம்பி வராதீங்க. சென்னை போற வாய்ப்பு இருந்தா அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட்ல 2002லயே புகையிலைய விட வைக்கிறதுக்குன்னு கிளினிக் ஆரம்பிச்சிருக்காங்க.

கேள்வி: 58 வயசு, நாப்பது வருஷமா பீடி. கெணறு வெட்டுற வேல பாத்தவன். இனிமே விட்டு என்னத்த ஆகப்போகுது? – ஒரு வாசகர், பல்லடம்

இங்கிலாந்துல டாக்டருங்களையே அம்பது வருஷம் பின்தொடர்ந்து ஒரு கணக்கு எடுத்தாங்கண்ணே, 2004ல முடிவு வந்துச்சு. முப்பது வயசுல விட்டா ஏறக்கொறைய பத்து வருஷ ஆயுசு மிச்சம், நாப்பதுல ஒம்பது, அம்பதுல ஆறு, அறுவதுல விட்டாலும் மூணு வருஷம். அது சிகரெட் கணக்குதான், ஆனா பீடியால நம்ம ஊரு ஆம்பளைங்களுக்கு ஆறு வருஷம் போல ஆயுசு கொறையுதுன்னு இந்தியாவுலயே எடுத்து 2008ல வெளிவந்த கணக்கும் இருக்கு, அதுல கொஞ்சமாவது உங்களுக்கும் திரும்பக் கெடைக்கும். கெணறு வெட்டுனவருன்னு சொல்றீங்க, கல்லு தூசி உள்ள போயிருக்கும், அதனால விடுறதோட சேத்து அரசு ஆஸ்பத்திரில ஒரு நெஞ்சு எக்ஸ்ரேவும் சளி டெஸ்டும் எடுத்துருங்க. டாக்டர்கிட்ட பீடிய மட்டும் சொல்லாதீங்க, பாத்த வேலயயும் சொல்லுங்க, அவங்களா கேக்க மாட்டாங்க.